உடற்கூறியல் புத்தகமும் கடப்பாக்கல் தரையும்

“மகளுக்கா, அக்கா? நர்சிங்கா, லேப் டெக்னீசியனா?” என்று கேட்டார் புத்தகக் கடைக்காரர்.

“எனக்குத்தான்” என்றேன்.

அவர் என்னையும் என் கையிலிருந்த காய்கறிப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்தி சந்தைக்குப் போய்விட்டு வந்த கையோடு மனித உடற்கூறியல் புத்தகம் வேண்டும் என்று நின்றால் அவர்தான் என்ன செய்வார். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை அது. பள்ளிக்கூட நோட்டு, கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம், நர்சிங் பிள்ளைகளுக்கான பாடப் புத்தகம் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த வருடம் நான் அஞ்சல்வழியில் யோகா டிப்ளமோ சேர்ந்திருந்தேன். முதுகுவலிக்காகச் சமுதாயக் கூடத்தில் நடந்த வகுப்புக்குப் போகத் தொடங்கி, அது பிடித்துப்போய், அங்கே சொல்லிக்கொடுத்த டீச்சர் குடும்பத்தோடு திருச்சிக்குப் போகும்போது, “நீங்களே படிச்சுக் கிளாஸ் எடுங்கக்கா, இந்தப் பொம்பளைகள விட்டுறாதீங்க” என்று சொன்னதில் வந்த வினை. பாடங்களில் ஒன்று உடற்கூறியல். தபாலில் வந்த பாட நூலில் எலும்புக்கு அரைப் பக்கம், இதயத்துக்கு அரைப் பக்கம். படமே கிடையாது. அதனால்தான் தனியாக ஒரு புத்தகம் தேடி வந்திருந்தேன்.

இது எல்லோரிடமும் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது.

முப்பத்து நாலு வயதில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நிற்காத ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் மருத்துவர் வராந்தாவில் நின்றபடி என் கணவரிடமும் கணவரின் அண்ணனிடமும் பேசினார். நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கணவர் உள்ளே வந்து, “பைய எடுத்துட்டா சரியாப் போயிருமாம்” என்றார். அதற்குள் அண்ணன் சரி என்று சொல்லியாகிவிட்டது. எடுத்தார்கள். நோவும் தீர்ந்தது, அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அதற்குப் பிறகு என் வயிற்றுக்குள் ஒரு காலி இடம் இருப்பதாக நம்பத் தொடங்கினேன். நம்ப வைத்தார்கள் என்பதுதான் சரி. “உள்ள வெத்தா இருக்கும், கொடத்தத் தூக்காத” என்றாள் ஒருத்தி. “காத்துப் போயி அடைச்சுக்கிரும், பச்சத் தண்ணி குடிக்காத” என்றாள் இன்னொருத்தி. இடுப்பு வலித்தாலும் அந்த இடம்தான் காரணம், தலை சுற்றினாலும் அந்த இடம்தான் காரணம். ஒருக்களித்துப் படுக்கும்போது, உள்ளே ஓர் அறை விளக்கில்லாமல் கிடப்பதுபோல எனக்கே தோன்றும்.

என்னிடமிருந்து எடுத்தது எங்கே இருந்தது, என்ன அளவில் இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. எனவே புத்தகம் தேர்ந்தெடுக்க நான் வைத்திருந்தது ஒரே ஒரு சோதனை. எந்தப் புத்தகத்தில் கர்ப்பப்பையைப் பற்றி ஒழுங்காக எழுதியிருக்கிறதோ அதுதான் என் புத்தகம்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது செங்கல் கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம். வழவழவென்ற தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் படங்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற என் இங்கிலீஷ் வரிக்கு மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது.

“இது டாக்டருக்குப் படிக்கிறவுக வாங்குறது, அக்கா” என்று அவரே திருப்பி வாங்கிக்கொண்டார்.

அடுத்தது கேள்வி பதில் கைடு. “இதப் படிச்சாப் போதும். எல்லாப் பிள்ளைகளும் இதத்தான் வாங்குது.” நான் பொருளடக்கத்தில் விரலை ஓட்டி இனப்பெருக்க மண்டலத்துக்குப் போனேன். ஒரே பத்தி. படம் இல்லை. கருப்பையின் பணிகள் யாவை என்று ஒரு கேள்வி, நாலு வரியில் பதில். முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் ஓரத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இதற்கு அதுவும் இல்லை.

“வேற காட்டுங்க.”

மூன்றாவது, பழுப்புத் தாளில் அச்சான தமிழ்ப் புத்தகம். கோட்டுப் படங்கள்தான். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுத் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர் எழுதியிருந்தது. கடைக்காரர் உற்சாகமாகப் பக்கம் திருப்பினார். எலும்பு, தசை, இதயம், நுரையீரல், சிறுநீரகம். அதற்கு அடுத்து ஒரு கொத்துப் பக்கத்தை மொத்தமாகப் பிடித்துத் தள்ளிவிட்டு, கண், காது என்று போய்விட்டார்.

“நடுவுல விட்டுட்டீங்களே. அதத் திருப்புங்க.”

“அதுல ஒண்ணுமில்லக்கா. பொதுவா உள்ளதுதான்.”

“பொதுவா உள்ளதத்தான் பாக்கணும்.”

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனிதர்தான். ஒரு பெண்ணோடு நின்று அந்தப் பக்கத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம். “ஏய், செத்த இங்க வா” என்று கல்லாவில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு, மாணவிகள் கேட்ட நோட்டை எடுக்க ஏணியில் ஏறிவிட்டார்.

அந்த அம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். மேசைமேல் புத்தகத்தை விரித்தோம். நாலு பக்கம் முழுசாக இருந்தது. முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், உள்ளே வெட்டிக் காட்டிய படம்.

“இதுவா?” என்று அந்த அம்மா ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். “இம்புட்டுக்காணா?”

சிறிய பேரிக்காய் அளவு என்று கீழே போட்டிருந்தது. “ஒரு கொய்யாக்கா அளவுன்னு வச்சுக்கங்க” என்றேன்.

“நான் என்னமோ பானை கணக்கா வயிறு பூராவும் இருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு பெத்தேனே, இம்புட்டுக்காணு பையிலயா?”

“விரியுமாம்.”

“எதுவரைக்கும் விரியும்? அடுத்த பக்கத்தத் திருப்புங்க.”

திருப்பினோம். ஏணி மேலிருந்து கடைக்காரர், “என்ன, எடுத்தாச்சா?” என்றார்.

“இருங்க, படிச்சுக்கிட்டு இருக்கம்ல” என்றார் மனைவி, தலையைத் தூக்காமலே.

அந்தப் புத்தகத்தைத்தான் வாங்கினேன். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லி முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன். அட்டையில் தோலுரித்த மனிதன் ஒருவன் தசையெல்லாம் சிவப்பாகத் தெரிய நின்றான். டவுன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இறங்கும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பக்கவாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இரண்டுக்கும் நடுவில் அது, மேலே சுருள் சுருளாகக் குடல். ஓர் இடம்கூடச் சும்மா விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பில் உடற்கூறியல் எடுக்க வந்த இளம் மருத்துவரிடம் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்டேன்.

“கர்ப்பப்பைய எடுத்துட்டா அந்த எடத்துல என்ன மேடம் இருக்கும்?”

“குடல் எறங்கி உக்காந்துக்கும்மா. வயித்துக்குள்ள காலி எடம்னு ஒண்ணு கெடையாது. ஏன், யாருக்கு எடுத்திருக்கு?”

“எனக்கு.”

பின்வரிசையில் ஓர் ஆள் இருமினார். இருமட்டும் என்று உட்கார்ந்தேன். எனக்கு வந்தது வெட்கம் இல்லை. இத்தனை வருடமும் ஒன்றுமே இல்லாத ஒன்றுக்குப் பயந்து நடந்திருக்கிறேன் என்ற ஆத்திரம். அன்று சாயங்காலம் தெருவில் தண்ணீர் லாரி வந்தபோது நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன். எதிர்வீட்டுக்காரி பதறிப்போய், “ஆத்தாடி, நீ தூக்கக்கூடாதுல்ல! உள்ள வெத்தால்ல இருக்கு” என்றாள்.

“அங்க கொடல் இருக்கு” என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் வீட்டின் முன்பக்கம் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஹால் உண்டு. பாகப்பிரிவினையில் வீடு என் கணவருக்கும், ஊருக்கு வெளியே உள்ள தென்னந்தோப்பு அவருடைய அண்ணனுக்கும் வந்தது. அண்ணன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். வீடு எங்களுடையது என்று எழுதியாகிவிட்டாலும், ஹாலுக்கு யார் வாடகைக்கு வரவேண்டும், யார் போகவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். என் கணவர் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். விடியும் முன்னே போய், மதியம் வந்து தூங்கிவிடுவார். அண்ணன் சொன்னால் சரி என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று அந்த ஹாலில் பல வருடம் இருந்தது. அவர்கள் பெரிய இடத்துக்கு மாறிப் போனதும் காலியானது. சமுதாயக் கூடத்தில் வகுப்பும் நின்றுபோயிருந்ததால், அந்த ஹாலிலேயே பெண்களுக்கு வகுப்பு நடத்துவது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். இடைஞ்சல் தரைதான். கறுப்புக் கடப்பாக்கல் பாவிய தரை. அண்டாவும் வாணலியும் வைத்து வைத்து எண்ணெய் ஏறி, கரி ஏறி, இரும்பு அடுப்பு நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகத் துருக்கறை. பாயை விரித்துக் காலை ஊன்றினால் பாயோடு சேர்ந்து நாமும் வழுக்கிக்கொண்டு போவோம். சோப்பு, சோடா, எலுமிச்சை என்று நான் தேய்த்துப் பார்த்ததில் என் தோள்தான் தேய்ந்தது. மெஷின் வைத்துக் கழுவுகிற ஆள்தான் வேண்டும்.

முதலில் வந்தவர் பைக்கை விட்டு இறங்கும்போதே, “சார் இல்லையாம்மா?” என்றார்.

“வண்டி ஓட்டப் போயிருக்காரு. எங்கிட்ட சொல்லுங்க.”

“சார் வரட்டும், பேசிக்கிருவம்.”

“தரையக் கழுவப் போறது எனக்காக. எங்கிட்டத்தான் பேசணும்.”

அவர் அரைமனதாக உள்ளே வந்தார். இதெல்லாம் கழுவிப் பிரயோசனமில்லை, பேர்த்துப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், அவருடைய மச்சினனே டைல்ஸ் வேலை செய்வதாகச் சொன்னார். கழுவத்தான் வேண்டும் என்றேன். “அப்பச் சரி, பாருங்க” என்று ஒரு பாட்டிலைத் திறந்து மூலையில் சாய்த்தார். ஆசிட். சுர்ரென்று நுரைத்துக் கிளம்பிய நெடியில் இரண்டு பேரும் இருமினோம். துடைத்தபோது எண்ணெய் போயிருந்தது. கூடவே கல்லின் கறுப்பும் போயிருந்தது. தட்டு அளவுக்குச் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு.

“பாலிஷ் போட்டா சரியாயிரும்மா.”

“போட வேணாம். போயிட்டு வாங்க.”

“சார்கிட்ட ஒரு வார்த்த—”

“சாரும் இதத்தான் சொல்லுவாரு. போயிட்டு வாங்க.”

அந்த வாரத்திலேயே கணவரின் அண்ணன் ஒட்டன்சத்திரம் பக்கத்து வெங்காய வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஹாலில் முக்காலி மேல் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, வியாபாரிக்குச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

“ஏனுங்க, காத்தோட்டம் இருக்குமுங்களா?” என்று வியாபாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அதெல்லாம் நல்லா வரும்” என்று இவர் பதில் சொன்னார். பிறகு என்னிடம், “என்னத்தா, ஹாலு சும்மாத்தான கெடக்கு. இவரு சின்ன வெங்காயம் எறக்குறாரு. சனிக்கெழம சரக்கு வந்துரும்” என்றார்.

“சும்மா கெடக்கல மச்சான். நான் இங்க கிளாஸ் நடத்தப் போறேன்.”

“என்ன கிளாஸு?”

“யோகா.”

சிரித்தார். “பொம்பளைக காலத் தூக்குறதுக்கு ஒரு ஹாலா?”

சிரித்துக்கொண்டே திரும்பியவர் கண்ணில் புத்தகம் பட்டது. திறந்திருந்தது பெண் உடம்பின் படம். சிரிப்பு நின்றுவிட்டது. “நடு வீட்டுல என்னத்த விரிச்சு வச்சிருக்க? நாலு பேரு வந்து போற எடம்.”

“பாடம் மச்சான்.”

“பாடமா இது? மொதல்ல மூடி உள்ள வையி.”

“படிச்சு முடிச்சதும் வைக்கிறேன்.”

வியாபாரி இதற்குள் முக்காலிப் பக்கம் வந்து குனிந்து, எதிர்ப்பக்கத்தில் இருந்த வேறொரு படத்தைக் காட்டி, “இதென்னங்க, கல்லீரலுங்களா? எங்கப்பாவுக்கு இதுலதானுங்க கோளாறுன்னாங்க. இத்தன பெருசுங்களா?” என்றார். நான் விளக்கத் தொடங்கினேன். கணவரின் அண்ணன் வியாபாரியின் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். “சனிக்கெழம சரக்கு எறங்கும். தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

மதியம் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும், “அண்ணே வாக்குக் குடுத்துட்டாராம்ல” என்றார்.

“அவரு குடுத்த வாக்க அவரு வீட்டுல எறக்கிக்கிரட்டும்.”

சோற்றை வாயில் வைத்தபடியே சிரித்துவிட்டார். உடனே சுதாரித்துக்கொண்டு, “சண்ட போட்டுறாத” என்றார்.

“சண்ட போடல. தரையக் கழுவப் போறேன். அம்புட்டுத்தான்.”

நாகல் நகர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் தரை பளபளவென்று இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. போய் விசாரித்தேன். அதிர்ஷ்டம், கழுவும் ஆட்களே அன்று மாடியில் வேலையில் இருந்தார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையும் காலில் ரப்பர் பூட்ஸும் போட்ட நெட்டையான பெண்தான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும். சாணார்பட்டிப் பக்கத்துக்காரர்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தாள்.

“ஆசிட்டு ஊத்துவீங்களா?” என்று முதலில் கேட்டேன்.

“கடப்பாவுக்கா? ஊத்துறதில்லக்கா. தேய்ச்சுத்தான் எடுப்போம், நேரம் ஆகும். ஒங்களுக்கு அவசரம்னா வேற ஆளப் பாருங்க.” பிறகு என்னை ஒருமுறை எடைபோடுவது மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள். “நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். எங்களுக்குப் பாத்ரூம் வீட்டுக்குள்ள உள்ளதக் குடுக்கணும். தெருமுக்குல இருக்கு, பஸ் ஸ்டாண்டுல இருக்குன்னு அனுப்பக்கூடாது. அப்பறம், வேலைல ஒருத்தருதான் சொல்லணும். வீட்டுல ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா, மெஷினத் தூக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்போம்.”

“பாத்ரூம் உள்ள இருக்கு. சொல்றது நான் மட்டும்தான். சனிக்கெழம வர முடியுமா?”

“வாரோம்” என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே ஷேர் ஆட்டோவில் மெஷினோடு வந்து இறங்கினார்கள். அதன் சத்தம் தெருவையே அடைத்தது. தண்ணீரைக் கொட்டித் தேய்க்கத் தேய்க்க, வருடக்கணக்கான எண்ணெயும் கரியும் கறுப்புச் சேறாகக் கிளம்பி வந்தது. தங்கை வைப்பரால் தள்ளிக்கொண்டே வர, அவள் புருஷன் வாளியில் அள்ளி அள்ளிக் கொட்டினான். கல்லின் நிஜமான நிறம் தெரிய ஆரம்பித்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசை ஆசையாக இருந்தது.

கணவர் வந்து சாப்பிட்டுப் படுத்த நேரத்தில், மினி லாரி ஒன்று வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. நிறைய வெங்காய மூட்டை. மேலே சுமை இறக்கும் ஆட்கள். முன்னால் கணவரின் அண்ணன், அவருக்குப் பின்னால் வியாபாரி.

“மெஷின நிறுத்து” என்றார் அண்ணன் வாசலில் நின்று. மெஷின் நின்றது. “தண்ணியத் தள்ளிட்டுக் கெளம்புங்க. சரக்கு வந்துருச்சு.”

நெட்டைப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கக்கா.”

“வேலையப் பாருங்க” என்றேன்.

“ஏய், நான் சொல்றேன்ல!” என்று கத்தியவர், வீட்டுக்குள் பார்த்துத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் கணவர் பனியனோடு, தூக்கக் கலக்கத்தில் வந்து நின்றார். “ஏன்டா, ஒம் பொண்டாட்டி என்ன நெனச்சுக்கிட்டு இருக்கா? நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்து, சரக்கோட வந்து நிக்கிறேன்.”

கணவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாவமாக இருந்தது.

“அவர எதுக்குக் கேக்குறீங்க மச்சான்? கழுவச் சொன்னது நான். எங்கிட்டக் கேளுங்க.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். “வயித்துல ஒண்ணுமில்லாதவளுக்கு வீம்பு மட்டும் எம்புட்டு இருக்கு பாரு.”

மெஷின் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. லாரி மேல் இருந்த ஆட்களுக்குக் கேட்டது. எதிர்வீட்டு வாசலில் நின்றவளுக்கும் கேட்டது. வியாபாரி தன் செருப்பைப் பார்த்தார். கணவர் “அண்ணே” என்றார், அதற்கு முன் நான் கேட்டிராத ஒரு குரலில்.

ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்தச் சொல்லோடு உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அன்று அது என்மேல் பட்டது, ஆனால் தங்கவில்லை. பொய்யென்று தெரிந்த ஒன்றை எவ்வளவு சத்தமாகச் சொன்னால்தான் என்ன. ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து நிலைப்படிக்கு வந்தேன்.

“எடுத்தது ஒரு கொய்யாக்கா அளவு மச்சான். மிச்சமெல்லாம் இருக்கு. இரைப்பை இருக்கு, கல்லீரல் இருக்கு, மண்ணீரல் இருக்கு, கணையம் இருக்கு, ரெண்டு கிட்னியும் இருக்கு. கொடலு சுருட்டிச் சுருட்டி நெறைய இருக்கு. காலி எடமே கெடையாது. வெங்காயம் எறக்குற மாதிரி எடம் எங்கிட்ட உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல.”

லாரி மேலிருந்த ஆட்களில் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். பின்னால் நெட்டைப் பெண் சுவிட்சைப் போட்டாள். மெஷின் அலற ஆரம்பித்ததும் கணவரின் அண்ணன் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வியாபாரி கையைக் கூப்பிக்கொண்டு என் காதுக்கு அருகில் வந்து கத்தினார். “விடுங்கம்மிணி. ஈரத் தரைல எறக்குனா வெங்காயம் அழுகிப் போயிருமுங்க. நான் வேற எடம் பாத்துக்கறனுங்க.” லாரி கிளம்பியது. அண்ணன் அதில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவில் யாரையும் பார்க்காமல் நடந்தே போனார்.

கணவர் உள்ளே போனார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்க்கை எடுத்தார். “எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாரேன்.”

அன்று மாலை அவர் அழுதார். எனக்காகவா, அண்ணனுக்காகவா என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் இருக்கலாம்.

தரை நன்றாக வந்தது. முழுசாக வரவில்லை. துரு வட்டங்கள் மங்கலாக இன்னும் இருக்கின்றன. ஆசிட் திட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது போகாதுக்கா. பொய் சொல்லல” என்றாள் நெட்டைப் பெண். இருக்கட்டும் என்றேன். அதன்மேல்தான் இப்போது என் பாயை விரிக்கிறேன்.

வகுப்புக்கு முதலில் வந்தவர்கள் ஒரு தையல்காரி, சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஒரு பெண், பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள், எதிர்வீட்டுக்காரி. அவர்கள் ஆசனம் கற்றுக்கொண்டதைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். வெள்ளைப்படுவது எங்கிருந்து வருகிறது, கர்ப்பப்பை இறங்குவது என்றால் எங்கே இறங்கும், மாதவிலக்கு நின்றுபோனால் உடம்பு ஏன் தீயாய் எரிகிறது. புத்தகத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னேன், அங்கே என்னவென்று கேட்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். ஒருநாள் தையல்காரியின் புருஷன் வந்து, “யோகான்னுட்டு என்னென்னமோ சொல்லிக் குடுக்குறீங்களாமே” என்றார். “ஆமா, ஒக்காருங்க, ஒங்களுக்கும் சொல்றேன்” என்றேன். அவர் உட்காரவில்லை. அவள் வருவதும் நிற்கவில்லை.

தேர்வில் உடற்கூறியலில் நல்ல மதிப்பெண். தத்துவத் தாளில் போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும்.

கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய மகனுக்குக் கல்யாணம் வைத்தபோது ஊரெல்லாம் தட்டோடு போய் அழைத்தவர்கள், எங்களுக்கான பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நாம போக வேணாம்” என்றார். மகனைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா அவர்.

“எதுக்குப் போகாம இருக்கணும்? இடுக்குல வந்தாலும் பத்திரிகை பத்திரிகைதான. பட்டுவேட்டிய எடுங்க.”

போனோம். நான் இருந்ததிலேயே நல்ல சேலையாகக் கட்டி, நிலக்கோட்டை மல்லிகையை நிறைய வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில பேர் பக்கத்தில் வந்து, கிளாஸ் எப்போது, முட்டிவலிக்கு ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார்கள். தாலி கட்டியதும் மாப்பிள்ளைப் பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து சித்தப்பா காலில் விழுந்தான். யாரும் தடுக்கவில்லை.

முதல் பந்தியிலேயே இடம் பிடித்தோம். கணவரின் அண்ணன் பந்தி விசாரித்துக்கொண்டு வரிசையாக வந்தார். எங்கள் இலைக்கு நேரே வந்ததும் நடை தயங்கியது. பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்ற ஆளிடமிருந்து கரண்டியை வாங்கி, தம்பி இலையில் ஊற்றினார். பிறகு என் இலை. முகத்தை அடுத்த இலைப் பக்கம் வைத்துக்கொண்டே, “போதுமா?” என்றார்.

“பத்தாது” என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினார்.